மாட்டின் வயிற்றுப் பாக்டீரியாவுக்கும் உயிர்ச்சத்துப் பஞ்சம் வரும்
கோபால்ட் குறைந்தால் கொழுப்பு அமிலங்கள் மாறும், கால்நடை மெலியும்

வைக்கோலையும் சோளத்தட்டையையும் செரிக்கும் ஆற்றல் மாட்டின் உடலுக்கு இயற்கையாக இல்லை. அதன் பெருவயிற்றில் குடியிருக்கும் பாக்டீரியா முதலான நுண்ணுயிர்களே நார்ப்பொருளைச் சிதைத்து, மாட்டுக்கு வேண்டிய சத்தாக மாற்றித் தருகின்றன. ஆடு, எருமை, செம்மறி ஆகியவற்றுக்கும் இதே ஏற்பாடுதான். எனவே, கால்நடைக்குத் தீவனம் போடுபவர் முதலில் அதன் வயிற்றிலுள்ள பாக்டீரியாவுக்குத் தீவனம் போடுகிறார் என்றே கொள்ள வேண்டும்.

இந்தப் பாக்டீரியாக்களுக்கும் உயிர்ச்சத்து, அதாவது வைட்டமின், தேவைப்படுகிறது. அது குறைந்தால் அவை உண்டாக்கும் கொழுப்பு அமிலங்களின் அளவும் வகையும் மாறிவிடுகின்றன. அதன் விளைவு கால்நடையின் உடலிலும் பாலிலும் இறைச்சியிலும் தெரிகிறது. நன்றாகத் தின்றும் உடல் தேறாத கால்நடைகளில் ஒரு பகுதிக்குக் காரணம் இங்கே இருக்கக்கூடும். இதைக் கறவை மாடும் ஆடும் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் அறிந்திருப்பது நலம்.

பெருவயிறு என்னும் ஊறல் தொட்டி

வளர்ந்த பசுவின் பெருவயிறு 100 லிட்டருக்கும் மேல் கொள்ளும் ஓர் ஊறல் தொட்டி போன்றது. அதிலுள்ள நீரில் ஒரு மில்லி எடுத்துப் பார்த்தால் 1,000 கோடிக்கும் மேற்பட்ட பாக்டீரியாக்கள் இருக்கும். இவை நாரையும் மாவுப்பொருளையும் புளிக்கச் செய்து மூன்று முக்கியமான அமிலங்களைத் தருகின்றன. அவை அசிட்டிக் அமிலம், புரோப்பியானிக் அமிலம், பியூட்டிரிக் அமிலம் என்பன. எளிதில் ஆவியாகக்கூடியவை என்பதால் இவற்றை ஆவியாகும் கொழுப்பு அமிலங்கள் என்பர்.

மாட்டுக்குக் கிடைக்கும் எரிசக்தியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு இந்த அமிலங்களிலிருந்தே வருகிறது. அசிட்டிக் அமிலமும் பியூட்டிரிக் அமிலமும் பாலின் கொழுப்புக்கு மூலப்பொருள்கள். புரோப்பியானிக் அமிலம் ஈரலுக்குச் சென்று குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாகிறது. மனிதன் சோறு தின்றால் சர்க்கரை நேரே இரத்தத்தில் சேரும். மாட்டுக்கோ மாவுப்பொருளின் பெரும்பகுதியைப் பாக்டீரியாவே தின்றுவிடுவதால், வேண்டிய சர்க்கரையை ஈரலில்தான் செய்துகொள்ள வேண்டும். பாலிலுள்ள சர்க்கரைக்கும் இதுவே வழி. ஆகவே, புரோப்பியானிக் அமிலம் உண்டாவதிலோ, ஈரல் அதைப் பயன்படுத்துவதிலோ தடை ஏற்பட்டால் மாடு தளர்ந்துவிடும், பாலும் குறையும்.

உயிர்ச்சத்தைப் படைப்பவை பாக்டீரியாக்களே

பி வகை உயிர்ச்சத்துகளைப் பொறுத்தவரை அசைபோடும் கால்நடைகளுக்கு ஒரு வசதி உண்டு. இவற்றைப் பெருவயிற்றுப் பாக்டீரியாக்களே உண்டாக்கித் தருகின்றன. இவற்றுள் பி12 என்பது தனித்தன்மை உடையது. இதைப் புல்லோ பயிரோ மாடோ மனிதனோ செய்ய முடியாது. பாக்டீரியா முதலான மிகச் சிறிய உயிர்கள் மட்டுமே செய்ய வல்லவை.

பி12 உயிர்ச்சத்தின் நடுவில் கோபால்ட் என்னும் உலோகத்தின் ஒரே ஓர் அணு அமைந்திருக்கிறது. அந்த உலோகம் தீவனத்தில் இல்லையென்றால் பாக்டீரியாவால் பி12 செய்ய இயலாது. தச்சர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அச்சாணி இல்லாமல் வண்டி ஓடாது அல்லவா?

தேவைப்படும் அளவோ மிகமிகச் சொற்பம். உலர்ந்த தீவனம் ஒரு கிலோவுக்கு 0.1 முதல் 0.2 மில்லி கிராம் கோபால்ட் இருந்தால் போதும். நாளொன்றுக்கு 10 கிலோ உலர் தீவனம் தின்னும் பசுவுக்கு 1 முதல் 2 மில்லி கிராம் என்று கணக்காகிறது. ஒரு கிராம் கோபால்ட் ஒரு பசுவுக்கு ஓர் ஆண்டுக்கும் மேல் வரும்.

ஆஸ்திரேலியா தந்த பாடம்

இந்த உண்மை எளிதில் தெரிந்துவிடவில்லை. ஆஸ்திரேலியாவின் தென்பகுதிக் கடற்கரை மணற்பாங்கான நிலங்களில் மேய்ந்த ஆடுகள், கால் புதையப் புல் இருந்தும் மெலிந்து, சோகை பிடித்து, இறுதியில் மடிந்தன. இதைக் கடற்கரை நோய் என்றனர். மேற்கு ஆஸ்திரேலியாவில் டென்மார்க் என்ற ஊரைச் சுற்றி மாடுகளும் ஆடுகளும் இப்படியே உருகின. நியூஸிலாந்தின் எரிமலைச் சாம்பல் மண்ணிலும், ஸ்காட்லாந்தின் சில மேய்ச்சல் நிலங்களிலும் இதே நோய் வேறு வேறு பெயர்களில் வழங்கியது. கால்நடைகளை வேறு நிலத்துக்கு ஓட்டிச் சென்றால் தேறின; திரும்பிக் கொண்டுவந்தால் மீண்டும் மெலிந்தன.

சோகை இருந்ததால் இரும்புச்சத்துக் குறைவு என்றே முதலில் எண்ணினர். லிமோனைட் என்னும் இரும்புத் தாதுவைத் தூளாக்கிக் கொடுத்தபோது கால்நடைகள் தேறவும் செய்தன. ஆனால் மேற்கு ஆஸ்திரேலியாவில் அண்டர்வுட், ஃபில்மர் என்ற இரு ஆராய்ச்சியாளர்களுக்கு ஐயம் எழுந்தது. அந்தத் தாதுவிலிருந்து இரும்பை நீக்கிவிட்டு மீதியைக் கொடுத்துப் பார்த்தனர். அப்போதும் நோய் குணமாயிற்று. மீதியில் கலந்திருந்த கோபால்ட்தான் மருந்து என்று 1935-ஆம் ஆண்டு கண்டறிந்தனர். அதே ஆண்டில் தெற்கு ஆஸ்திரேலியாவில் மார்ஸ்டன், லைன்ஸ் ஆகியோரும் தனியே ஆராய்ந்து கோபால்ட்டின் பயனைக் கண்டனர். கடற்கரை நோயில் கோபால்ட்டுடன் செம்புச் சத்தும் குறைந்திருந்தது என்பது பின்னர் தெளிவாயிற்று.

எனினும், கோபால்ட் எப்படிக் குணப்படுத்துகிறது என்பது புரியவில்லை. கோபால்ட்டை வாய்வழியாகக் கொடுத்தால் ஆடு தேறியது. அதையே ஊசி மூலம் இரத்தத்தில் செலுத்தினால் பயன் இல்லை. 1948-ஆம் ஆண்டு பி12 உயிர்ச்சத்து சிவப்பு நிறப் படிகமாகப் பிரித்தெடுக்கப்பட்டு, அதில் கோபால்ட் இருப்பது தெரிந்ததும் முடிச்சு அவிழ்ந்தது. பி12-ஐ ஊசியாகப் போட்டபோது நலிந்த ஆடுகள் தேறின. அதாவது, கோபால்ட் ஆட்டுக்கு நேரடியாகத் தேவைப்படவில்லை. அதன் வயிற்றுப் பாக்டீரியாவுக்குத் தேவைப்பட்டது. ஊசி வழியே போன கோபால்ட் பாக்டீரியாவிடம் போய்ச் சேராததே முன்பு பயனற்றுப் போனதன் காரணம்.

கொழுப்பு அமிலங்கள் எவ்வாறு மாறுகின்றன?

கோபால்ட் குறைவால் பெருவயிற்றிலும் உடலிலும் இரண்டு கட்டங்களில் மாற்றம் நிகழ்கிறது.

முதல் மாற்றம் பாக்டீரியாவிலேயே தொடங்குகிறது. ஒரு வகைப் பாக்டீரியாக்கள் தீவனத்திலிருந்து சக்சினிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. வேறு வகைப் பாக்டீரியாக்கள் அதை வாங்கிப் புரோப்பியானிக் அமிலமாக மாற்றுகின்றன. இந்தக் கடைசி வேலைக்குப் பி12 தேவை. அது இல்லாதபோது வேலை பாதியில் நிற்கிறது. சக்சினிக் அமிலம் பெருவயிற்றில் தேங்குகிறது. புரோப்பியானிக் அமிலம் குறைகிறது. கோபால்ட் குறைந்த தீவனம் கொடுத்த ஆடுகளில் இத்தேக்கம் அளந்து காணப்பட்டுள்ளது.

இரண்டாவது மாற்றம் கால்நடையின் ஈரலில் நிகழ்கிறது. வந்து சேரும் புரோப்பியானிக் அமிலத்தைச் சர்க்கரையாக்க ஈரலுக்கும் பி12 வேண்டும். அது குறைந்தால் மெத்தில் மலோனிக் அமிலம் என்ற இடைப்பொருள் குவிகிறது. சர்க்கரை கிடைக்காமல் உடல் வாடுகிறது. குவிந்த பொருளோ வேறு வழியில் போய்க் கொழுப்பில் சேர்கிறது.

உடம்பு கொழுப்பு அமிலம் செய்யும் முறையைச் சங்கிலி கோப்பதற்கு ஒப்பிடலாம். வழக்கமாக இரண்டு இரண்டு கரி அணுக்களாகக் கோத்து 16, 18 என்று இரட்டைப்படை நீளத்தில் கிளையில்லாத சங்கிலி செய்யப்படுகிறது. புரோப்பியானிக் அமிலம் மிஞ்சிக் கிடந்தால் சங்கிலியின் தொடக்கத்தில் மூன்று அணு வளையம் சேர்ந்து 15, 17 என்று ஒற்றைப்படை நீளச் சங்கிலிகள் உண்டாகின்றன. மெத்தில் மலோனிக் அமிலம் இடையில் நுழைந்தால் சங்கிலியில் பக்கக் கிளை முளைக்கிறது. கிளைத்த சங்கிலிகள் நெருக்கமாக அடுங்கா. எனவே கொழுப்பு இறுகாமல் இளகி நிற்கிறது. கோபால்ட் குறைந்த ஆட்டுக்குட்டிகளின் உடலில் இத்தகைய ஒற்றைப்படை, கிளைத்த கொழுப்பு அமிலங்கள் மிகுந்திருப்பது கண்டறியப்பட்டுள்ளது.

தானியத்தை மட்டும் மிகுதியாகக் கொடுத்தாலும் ஏறத்தாழ இதே நிலை வரும். ஸ்காட்லாந்தில் 1970-களில் பார்லி தானியத்தையே பெரும்பாலும் தின்று வளர்ந்த ஆட்டுக்குட்டிகளின் கொழுப்பு இளகியிருந்ததை ஆராய்ந்தனர். அங்கே புரோப்பியானிக் அமிலம் ஈரலின் சக்திக்கு மேல் உண்டானதே காரணம். வண்டியில் பாரம் அதிகமானாலும் சரி, மாட்டின் வலு குறைந்தாலும் சரி, வண்டி நிற்பது ஒன்றே.

பயோட்டின் என்னும் இன்னோர் உயிர்ச்சத்து

பி வகையில் பயோட்டின் என்பதும் ஒன்று. எந்த உயிரானாலும் கொழுப்பு அமிலச் சங்கிலியைக் கோக்கத் தொடங்குவதற்குப் பயோட்டின் இன்றியமையாதது. பாக்டீரியாவின் மேல்சவ்வில் கொழுப்பு அமிலங்கள் முக்கியமான பகுதி. எனவே, பயோட்டின் குறைந்தால் சவ்வு சரியாக அமையாது, பாக்டீரியா பெருகாது.

பசுந்தீவனத்தைக் காற்றுப் புகாமல் அடைத்துப் பதப்படுத்தும்போது அதைப் புளிக்கச் செய்பவை லாக்டோபேசில்லஸ் என்னும் பாக்டீரியாக்கள். இவ்வகைப் பாக்டீரியாக்களைப் பயோட்டின் இல்லாத கரைசலில் வளர்த்தால் வளர்ச்சி நின்றுவிடும். ஆனால், ஓலியிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தைச் சேர்த்துக் கொடுத்தால் பயோட்டின் ஏறக்குறைய இல்லாமலேயே வளர்கின்றன. பயோட்டினின் பெரிய வேலையே கொழுப்பு அமிலம் செய்ய உதவுவதுதான் என்பதற்கு இது நல்ல சான்று.

பாக்டீரியாவின் இக்குறையைத் தொழிலுக்குப் பயன்படுத்தியவர்களும் உண்டு. ஜப்பானில் 1956-ஆம் ஆண்டு மண்ணிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஒரு பாக்டீரியாவுக்குப் பயோட்டினைக் குறைத்துக் கொடுத்தனர். அதன் சவ்வின் கொழுப்பு அமைப்பு மாறி, உள்ளே உண்டான குளூட்டாமிக் அமிலம் வெளியே கசிந்தது. உணவில் சுவைக்காகச் சேர்க்கும் உப்பு இவ்வாறே பெருமளவில் தயாராயிற்று. கோழித் தீவனத்தில் சேர்க்கும் லைசின் என்ற சத்தும் இதே இனப் பாக்டீரியாவைக் கொண்டே செய்யப்படுகிறது.

மாட்டின் பெருவயிற்றில் நாரைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் பலவற்றுக்கும் பயோட்டின் தேவை. அதோடு, கிளைத்த சிறு கொழுப்பு அமிலங்கள் சிலவும் அவற்றுக்கு வேண்டும். இவை தீவனத்திலுள்ள புரதம் சிதையும்போது கிடைக்கின்றன. வெறும் வைக்கோலில் புரதம் மிகக் குறைவு. ஆகவே, வைக்கோல் மட்டும் தின்னும் மாட்டின் வயிற்றில் வைக்கோலைச் செரிக்க வேண்டிய பாக்டீரியாவே பட்டினி கிடக்கிறது. சிறிது பிண்ணாக்கோ பயறுவகைப் பசுந்தீவனமோ சேர்த்ததும் அதே வைக்கோல் நன்றாகச் செரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

குறையை அறிவது எப்படி?

கோபால்ட் குறைவு ஒரே நாளில் வெளிப்படுவதில்லை. ஈரலில் சேமித்த பி12 சில மாதங்கள் தாங்கும். பிறகு தீனி எடுப்பது குறையும். உடல் மெலியும். ரோமம் பொலிவிழக்கும். கண் இமையின் உட்புறம் வெளுக்கும். செம்மறி ஆடுகளில் கண்ணீர் வடிந்து முகம் நனைந்திருப்பதும் உண்டு. மாட்டைவிட ஆட்டுக்கும், வளர்ந்ததைவிட வளரும் குட்டிக்கும் பாதிப்பு அதிகம்.

ஆனால் இந்த அடையாளங்கள் குடற்புழுவுக்கும் பொருந்தும். தீவனப் பற்றாக்குறைக்கும் பொருந்தும். மெலிந்த கால்நடை எல்லாமே கோபால்ட் குறைந்ததாகக் கொள்ளக்கூடாது. முதலில் சாணத்தைச் சோதித்துப் புழு உண்டா என்று பார்க்க வேண்டும். வயிறு நிறையத் தீவனம் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தும் கால்நடை தேறவில்லையென்றால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரத்தத்தில் பி12 அளவையும் மெத்தில் மலோனிக் அமிலத்தின் அளவையும் ஆய்வுக்கூடத்தில் அளந்து குறையை உறுதி செய்ய முடியும்.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

1. தாது உப்புக் கலவையை நாள்தோறும் தீவனத்தில் சேர்க்க வேண்டும். கறவை மாட்டுக்குப் பொதுவாக 30 முதல் 50 கிராம் வரை தேவைப்படும். பொட்டலத்தில் அச்சிட்டுள்ள அளவையும் மருத்துவர் சொல்லும் அளவையும் மீறக்கூடாது. வாங்கும்போது கலவையில் கோபால்ட் சேர்ந்துள்ளதா என்று படித்துப் பார்க்க வேண்டும். சமையல் உப்பு மட்டும் போடுவது இதற்கு ஈடாகாது.

2. மாட்டுக்கு உரிய தாது உப்பைச் செம்மறி ஆட்டுக்கு மனம்போனபடி போடக்கூடாது. அதிலுள்ள செம்பு செம்மறிக்கு நஞ்சாகக்கூடும். ஆட்டுக்கு உரிய கலவையைத் தனியே கேட்டு வாங்க வேண்டும்.

3. தானியவகைப் பசுந்தீவனம் மூன்று பங்குக்குப் பயறுவகைத் தீவனம் ஒரு பங்கு சேர்ப்பது நல்லது. வேலிமசால், குதிரைமசால், தட்டைப்பயறு, அகத்தி ஆகியவை இதற்கு ஏற்றவை. புல் வகைகளைவிடப் பயறுவகைப் பயிர்களில் பொதுவாகக் கோபால்ட் கூடுதலாக இருக்கும். அவற்றின் வேர்முடிச்சில் தழைச்சத்தை நிலைநிறுத்தும் ரைசோபியம் பாக்டீரியாவுக்கும் கோபால்ட் தேவை என்பது 1960-ஆம் ஆண்டு சோயா மொச்சையில் மெய்ப்பிக்கப்பட்டது.

4. சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும் மணற்பாங்கான மண்ணிலும் விளையும் புல்லில் கோபால்ட் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். இத்தகைய நிலங்களில் மட்டுமே மேயும் ஆடுகளைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். நிலத்துக்குச் சுண்ணாம்பு இடுவதால் பயிர் எடுத்துக்கொள்ளும் கோபால்ட் மேலும் குறையும்.

5. தீவனத்தைத் திடீரென்று மாற்றக்கூடாது. புதிய தீவனத்துக்குப் பாக்டீரியா பழக இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். சிறிது சிறிதாக மாற்ற வேண்டும்.

6. மாட்டுப் பொங்கலன்றும் விருந்து நாட்களிலும் மிஞ்சிய சோற்றையும் பொங்கலையும் மாட்டுக்கு மொத்தமாகக் கொட்டக்கூடாது. வயிற்றில் புளிப்பு மிகுந்து நல்ல பாக்டீரியாக்கள் அழிந்துவிடும். உயிர்ச்சத்து உற்பத்தியும் கெடும். அளவு மீறினால் மாடு இறக்கவும் கூடும். கைப்பிடி அளவோடு நிறுத்திக்கொள்வதே மாட்டுக்குச் செய்யும் மரியாதை.

7. இளங்கன்றின் பெருவயிறு வளர்ச்சி பெற இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். அதுவரை பி வகை உயிர்ச்சத்துகளுக்கு அது பாலையே நம்பியிருக்கிறது. கன்றுக்குரிய பாலைக் குறைத்து விற்பது பின்னால் நட்டத்தில் முடியும். நல்ல உலர்புல்லையும் கன்றுத் தீவனத்தையும் சிறு வயதிலேயே பழக்கினால் பெருவயிறு விரைவில் வளரும்.

8. கிருமிக்கொல்லி மருந்துகளை மருத்துவர் சொல்லாமல் வாய்வழியே கொடுக்கக்கூடாது. அவை நோய்க்கிருமியோடு வயிற்றிலுள்ள நல்ல பாக்டீரியாவையும் கொல்லும்.

மிகையும் ஆகாது

கோபால்ட் சொற்ப அளவில் மருந்து, மிகுந்தால் நஞ்சு. கோபால்ட் உப்பைத் தனியே வாங்கிக் கையால் அளந்து போடும் முயற்சியில் இறங்கவே கூடாது. மில்லி கிராம் கணக்கில் உள்ள பொருளை வீட்டுத் தராசில் நிறுக்க முடியாது. பி12 ஊசி குறை உறுதியான கால்நடைக்கு விரைவில் பலன் தரும். ஆனால், குறை இல்லாத மாட்டுக்குத் தெம்புக்காக என்று மாதந்தோறும் ஊசி போடுவது வீண் செலவு. தீவனத்தில் கோபால்ட் இருந்தால் பாக்டீரியா நாள் தவறாமல் அந்த உயிர்ச்சத்தைச் செய்து கொடுக்கும்.

ஆஸ்திரேலியாவில் 1950-களின் பிற்பகுதியில் கோபால்ட்டும் களிமண்ணும் கலந்த கனமான உருண்டைகளைச் செய்து ஆடுகளை விழுங்கச் செய்தனர். அது வயிற்றில் தங்கி, நீண்ட காலம் சிறிது சிறிதாகக் கரைந்து கொடுத்தது. நியூஸிலாந்தில் சூப்பர் பாஸ்பேட் உரத்துடன் கோபால்ட்டைக் கலந்து மேய்ச்சல் நிலத்தில் தூவினர். பெரும் பரப்பில் மேய்க்கும் நாடுகளுக்கு அந்த முறைகள் பொருந்தின. ஒன்றிரண்டு மாடும் நாலைந்து ஆடும் கட்டி வைத்து வளர்ப்பவருக்குத் தீவனத்தில் கலக்கும் தாது உப்பே எளிது, செலவும் குறைவு.

வீட்டுக்கும் பயன்

இதில் குடும்ப நலனும் அடங்கியுள்ளது. புலால் உண்ணாதவர்களுக்குப் பி12 உயிர்ச்சத்து பெரும்பாலும் பால், தயிர், மோர் வழியாகவே கிடைக்கிறது. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 2 மைக்ரோ கிராம் தேவை. ஒரு மைக்ரோ கிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 200 மில்லி பசும்பாலில் இந்தத் தேவையில் ஏறத்தாழப் பாதி கிடைக்கும். கறக்கும் பால் முழுவதையும் சொசைட்டிக்கு ஊற்றிவிடாமல், பிள்ளைகளுக்கும் சினையுற்ற பெண்களுக்கும் ஒரு தம்ளர் நிறுத்தி வைப்பது இதனாலும் அவசியமாகிறது.

மண்ணிலுள்ள கோபால்ட் புல்லுக்கு வருகிறது. புல்லிலிருந்து பாக்டீரியாவுக்குப் போய் உயிர்ச்சத்தாகிறது. அந்த உயிர்ச்சத்து மாட்டுக்கு வலுவாகி, பாலில் இறங்கி, வீட்டுக் குழந்தையைச் சேருகிறது. இந்தத் தொடரில் முதல் கண்ணி அறுந்தால் மற்றவை அனைத்தும் தளரும். நாளொன்றுக்கு ஒரு பிடிக்கும் குறைவான தாது உப்பும், கொஞ்சம் பயறுவகைத் தழையும் அந்தக் கண்ணி அறாமல் காக்கும். கறவை மாடு வைத்திருப்போர் நாளைக் காலைத் தீவனத்திலிருந்தே இதைத் தொடங்கலாம்.